சுந்தரியின் சிவப்பு விளக்கு

ஜெலுத்தோங்
3 மார்ச் 2025

புவனேஸ்வரனுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

எழுதுகிறவள் அடுத்த வீட்டுக் குமுதா. நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாகச் சொல்லித்தான் பேனாவை எடுத்திருக்கிறாள். முடித்ததும் இதைக் கீழே காவல் கூண்டில் இருக்கும் சந்திரசேகரனிடம் கொடுத்து இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். இதைக் கேட்டு அவள் முகம் சுருங்குகிறது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. துறைமுகத்தில் எங்களை மேய்த்த ஒரு மண்டோர், அதுதான் கங்காணி, எங்களுக்கு ஒரு மாதிரி வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினான், காகிதத்தில் வேறு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எந்த எழுத்தையும் இரண்டு வாய் வாசித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நம்புவேன். உனக்குத் தெரிந்ததுதான். உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டையும் அப்படித்தான் கேட்டேன்.

போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன். நேரிலும் வராதே. பத்து காவானுக்கும் ஜெலுத்தோங்குக்கும் நடுவில் ஒரு பாலம்தானே என்பாய். இருக்கட்டும். தபாலில் எழுது. தபாலுக்குக் காது கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். சுந்தரியைக் கூப்பிட என்று என் வீட்டுக் கணினியில் ஒரு மைக் வைத்துவிட்டுப் போனாய். சுந்தரி யார் என்று குமுதா கேட்கிறாள். அவளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சுந்தரி ஒரு விளையாட்டுக் கிளி. முதலில் இரண்டு திரை வைத்த கைப்பெட்டியில் இருந்தது. பெட்டியின் கீல் உடைந்த பிறகு, அந்தப் பெட்டி மாதிரியே கணினியை நடிக்க வைக்கும் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாய். எமுலேட்டர் என்று பேர் சொன்னாய். ஓய்வு நேரத்தில் நீயும் வெளிநாட்டு ஆட்கள் சிலரும் சேர்ந்து அதைப் பராமரிக்கிறீர்கள், அதில் சத்தம் உள்ளே வருகிற பகுதி உன் பொறுப்பு என்றாய். அந்த விளையாட்டில் படிக்க ஓர் எழுத்து கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கிளி பறந்து வந்து திரையில் இருக்கும் விரலில் உட்காரும். அதனால்தான் எனக்கு அது ஒட்டிக்கொண்டது.

மைக்கின் கழுத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. கணினி கேட்கும்போது மட்டும் எரியும் என்று நீயே சொன்னாய். முன்பெல்லாம் சுந்தரியைக் கூப்பிடும்போது எரியும், அப்புறம் அணையும். தைப்பூசம் முடிந்த ஞாயிறு நீ வந்து உள்ளே எதையோ மாற்றினாய். அன்று முதல், விளையாட்டைத் திறந்தால் மூடுகிறவரை அது அணைவதே இல்லை. நான் சோறு தின்கிறேன், எரிகிறது. உன் அம்மா படத்துக்கு முன்னால் நின்று எதையாவது முணுமுணுக்கிறேன், எரிகிறது.

இனி இதைக் கேள். உன் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது என்ன என்று இங்கே எழுத வைக்க மாட்டேன். அதை டீக்கடைச் சிக்கந்தரிடம் மட்டும் சொன்னேன், இதே அறையில், மைக்குக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து. போன மாதக் கடைசியில் உன் தொழிற்சாலைக் குடும்ப தினம் என்று காரில் ஏற்றிக்கொண்டு போனாய். இத்தனை வருஷத்தில் ஒருமுறை கூடக் கூப்பிடாதவன். இறங்கினதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன் மேனேஜர் ரொஸ்னா முன்னால் நிறுத்தி, இது என் அப்பா என்று மலாயில் சொன்னாய். பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொன்னாய். வரிசையில் காப்பி ஊற்றிக் கொடுத்தவனுக்கும் சொன்னாய்.

என் குறைக்கு மருந்து அதுதான். என் கால் அளவெடுத்துச் செருப்புத் தைத்த மாதிரி இருந்தது. அளவு யார் கொடுத்தது?

சிக்கந்தரிடம் போய்க் கேட்டேன். "என்னா லா சுப்பையா, இவ்ளோ காலம் என் கடை பெஞ்சில ஒக்காந்து டீ குடிச்சிட்டு, இப்ப என் வாயை மோந்து பாக்குறியா?" என்றான். மறுநாளிலிருந்து எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டான். உலகத்தில் என்ன நடக்கிறதென்று இப்போது எனக்குத் தெரியாது.

அவன் இல்லையென்றால் அந்த விளக்கு. விளக்கு என்றால் நீ. உன் வீட்டில் அறை தயார், சாமானைக் கட்டுங்கள் என்று நீயும் என் மருமகள் லோகாவும் அவசரப்படுத்துகிறீர்கள். ஒட்டுக் கேட்கிற வீட்டில் மனிதன் எப்படிக் குடியிருப்பது? முதலில் பதில் வரட்டும். அப்புறம்தான் என் சாமான் இந்த இடத்தை விட்டு நகரும்.

சுப்பையா
(கைநாட்டு அங்கிளுடையது. எழுதியது குமுதா.)


பத்து காவான்
9 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கையால் தமிழ் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. லோகா திருத்திக் கொடுத்தாள். இப்படிப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு கடிதம் போடுவதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விளக்கைப் பற்றிச் சொல்கிறேன். சுந்தரி முதல் தடவை கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டாம் தடவைதான் வருகிறாள் என்று ஜனவரியில் குறை சொன்னது நீங்கள்தான். அது அவள் குற்றமில்லை. விளையாட்டு கேட்கத் தொடங்கும்போதுதான் மைக் திறக்கும். அது விழித்து எழுவதற்குள் நீங்கள் கூப்பிட்டு முடித்துவிடுவீர்கள்.

அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் அந்தப் பகுதி எவ்வளவு பாழாகிக் கிடக்கிறது என்று பார்த்தேன். ஒவ்வொரு வகைக் கணினிக்கும் ஒவ்வொருவர், வேறு வேறு காலத்தில் எழுதிவைத்தது. ஒரே வேலையை மூன்று இடத்தில் மூன்று விதமாகச் செய்திருந்தார்கள். ஓர் இடத்தில் திருத்தினால் மற்ற இடங்களில் பழைய தவறு அப்படியே நிற்கும். எல்லாவற்றையும் பிரித்து ஒரே பகுதியாகக் கட்டினேன். இந்த மாதிரி வேலைக்கு ஒரு விதி உண்டு. உள்ளே என்ன மாற்றினாலும் விளையாடுகிறவருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது.

அந்த விதியை நானே மீறிவிட்டேன். நீங்கள் இரண்டாம் தடவை கூப்பிட வேண்டாமே என்று, எமுலேட்டர் தொடங்கும்போதே மைக்கைத் திறந்து, மூடும்வரை திறந்தே வைத்தேன். விளக்கு அணையாததற்குக் காரணம் அவ்வளவுதான். விளையாட்டுக்குத் தேவைப்படாத நேரத்தில் உள்ளே வரும் சத்தம் அந்தக் கணமே தூக்கிப் போடப்படுகிறது. எங்கும் சேர்வதில்லை, யாருக்கும் போவதில்லை. விளக்கு எரிவது உங்களுக்கு இப்படித் தோன்றும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். பழையபடி மாற்றிவிடுகிறேன்.

குடும்ப தினத்துக்கு இந்த வருஷம் அழைக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். சிக்கந்தர் மாமா என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து லோகாவுக்குத் தூக்கம் இல்லை. உங்கள் அடுக்குமாடியில் லிஃப்டும் வாரத்துக்கு ஒரு தரம் நின்றுபோகிறது. இங்கே உங்கள் அறைக் குளியலறையில் ரப்பர் விரிப்புப் போட்டாகிவிட்டது. தயவு செய்து யோசியுங்கள்.

புவனேஸ்வரன்


ஜெலுத்தோங்
17 மார்ச் 2025

புவனேஸ்வரனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. எழுதுகிறவள் குமுதா.

உன் கடிதத்தைக் குமுதா வாசித்தாள், பிறகு சந்திரசேகரன் வாசித்தான். அவன் மூச்சு வாங்கி வாங்கி வாசித்தான், மற்றபடி இரண்டும் ஒன்றுதான். எழுதினதில் பொய் இல்லை என்று தெரிந்தது. எழுதாமல் விட்டதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேராலும் வாசிக்க முடியவில்லை.

நீ திருத்துகிறவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சுந்தரியைக் கூப்பிட்டுவிட்டு, அவள் கிளம்பினதும் மைக் வயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. ஆனால் பறந்து வந்துகொண்டிருந்த கிளி சிறகை விரித்தபடி ஆகாயத்திலேயே நின்றுவிட்டது. வயரைத் திரும்பச் செருகியும் அசையவில்லை. கணினியையே அணைத்துப் போட்டேன். என் பேச்சு கேட்கவில்லையென்றால் செத்துப் போகிற அளவுக்கு அதற்கு என் பேச்சின் மேல் என்ன அப்படி ஆசை? இதற்கும் ஒரு காரணம் எழுதுவாய்.

கிளி நின்றுபோனதும் பொழுது போகவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது தைப்பூசத்துக்குப் பிறகு. நான் சிக்கந்தரிடம் பேசியதோ பொங்கலுக்கு முன்னால். ஆக, நான் குற்றம் சொன்ன விளக்கு அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. கோபத்தில் முன் பின் பார்க்காமல் கேட்டுவிட்டேன். நீயும் விளக்குக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

இப்போது சரியாகக் கேட்கிறேன். சிக்கந்தர் வந்த அன்று காலையில் நீயும் வந்திருந்தாய். நீல பத்திக் சட்டை, மேல் பொத்தான் இல்லை. மைக்கைத் திருப்பி வைத்தாய், கணினியில் எதையோ அமுக்கினாய். "நீங்க பாட்டுக்கு அதைக் கூப்ட்டுக்கிட்டு இருங்கப்பா, நான் சாப்பாடு வாங்கிட்டு வந்துர்றேன்" என்றாய். நீ போன பிறகு சிக்கந்தர் வந்தான். அவன் போன லிஃப்ட் திரும்பி வந்ததில் நீ ஏறி வந்தாய். கையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். கணவாய் கேட்டிருந்தேன், கோழி வாங்கி வந்தாய். சாப்பிடுவதற்கு முன்னால் கணினியிலிருந்து ஒரு சின்னக் குச்சியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

அந்தக் குச்சியில் என்ன இருந்தது?

அழைக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். நீ சின்னப் பையனாக இருந்தபோது பொய் சொன்னால் வாக்கியம் குட்டையாக வரும்.

சுப்பையா
(எழுதியது குமுதா. அந்தக் கடைசி வரியை விட்டுவிடலாம் என்றேன். அங்கிள் விடவில்லை.)


பத்து காவான்
24 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

குச்சியில் இருந்தது உங்கள் குரல்.

சுந்தரி ஏன் முதல் தடவை திரும்புவதில்லை என்று பார்க்க, மைக்கில் உள்ளே வருவதைப் பதிவு செய்யும்படி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். நீங்கள் கிளியைக் கூப்பிடுவது மட்டும் போதும் என்றுதான் நினைத்தேன். கடையில் கூட்டம். நின்ற இடத்தில் பதிவு ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டேன். உங்களிடம் அதைச் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். முதலில் நீங்கள் சுந்தரியைக் கூப்பிடுகிறீர்கள். பிறகு கதவு, சிக்கந்தர் மாமா செருப்பை உதறுகிற சத்தம். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கடைசிவரை கேட்டேன்.

நீங்கள் மாமாவிடம் சொன்னது உண்மைதான். இந்த வீட்டில் குடிபுகுந்த அன்று ரொஸ்னா உங்களைக் காட்டி யார் என்று கேட்டார். சமையலுக்கு உதவியாக வந்த அங்கிள் என்று மலாயில் சொன்னேன். நீங்கள் பந்தலுக்குப் பின்னால், பெரிய சட்டிக்குப் பக்கத்தில், பனியனோடு நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் காதில் விழாது என்று நினைத்தேன். ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். உங்களிடம் சொல்லும்படியான காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. "பெத்தவன்னு சொல்ல அவன் வாய் கூசுது, சிக்கந்தர்" என்று நீங்கள் பதிவில் சொல்கிறீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் குடும்ப தினத்துக்கு அழைத்தேன். நேரில் மன்னிப்புக் கேட்டால், எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். மைக் பகுதியை மாற்றிக் கட்டியபோது, புதியது சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நீங்கள் கடிதத்தை இரண்டு பேரிடம் கொடுத்துக் கேட்பது போலத்தான். ஒரே குரலைப் பழைய பகுதிக்கும் கொடுக்க வேண்டும், புதியதற்கும் கொடுக்க வேண்டும், இரண்டும் ஒன்றையே திருப்பிச் சொல்கிறதா என்று ஒப்பிட வேண்டும். அதற்கு உங்கள் குரலைப் பயன்படுத்தினேன். சுந்தரியைக் கூப்பிடும் பகுதியை மட்டும் வெட்டி, இணையத்தில் இருக்கும் எங்கள் சோதனைப் பெட்டியில் வைத்தேன். மாமாவிடம் பேசியது அதில் இல்லை. அந்தப் பெட்டி உலகத்தில் யாருக்கும் திறந்திருக்கும். போன வாரம் கூட வெளிநாட்டுக்காரர் ஒருவர், இந்தப் பெரியவர் யார், இவ்வளவு பொறுமையாக யாரைக் கூப்பிடுகிறார் என்று எழுதிக் கேட்டிருந்தார். ஒரு பயனர் பதிவு செய்து கொடுத்தது என்று பதில் போட்டேன். வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன். ஆனால் ஏற்கனவே எடுத்துப் போனவர்களிடமிருந்து திருப்பி வாங்க முடியாது.

கிளி நின்றுபோனது என் தவறு. மைக் போய்விட்டால் என்ன செய்வது என்று புதிய பகுதிக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வராத சத்தத்துக்காக அது காத்துக்கொண்டே நின்றுவிட்டது. மைக் இல்லையென்றால் மௌனத்தை வாங்கிக்கொண்டு மேலே நட என்று இப்போது எழுதிவிட்டேன்.

நான் வந்து நிற்கலாமா என்று மட்டும் எழுதுங்கள்.

புவனேஸ்வரன்


ஜெலுத்தோங்
4 ஏப்ரல் 2025

புவனேஸ்வரனுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

இந்தக் கையெழுத்து உனக்குப் புதிதாக இருக்கும். எழுதுகிறவன் சிக்கந்தர். அவன் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தது அந்தக் காலத்தில். எழுத்து கோணலாக இருந்தால் அவனைக் கேள், என்னைக் கேட்காதே.

உன் கடிதம் வந்ததும் குமுதா வாசித்தாள். குரல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செருப்பு உதறுகிற இடம் வந்ததும் காகிதத்தின் மேல் போய்க்கொண்டிருந்த அவள் விரல் நின்றது. பிறகு வெகுதூரம் கீழே போய் இறங்கியது. வாய் மட்டும் நிற்காமல் பேசியது. அந்த இடத்தில் பத்து காவானில் மழை, லோகா சௌக்கியம் என்று நீ எழுதாததையெல்லாம் வாசித்தாள். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, விரல் போகிற தூரம் தெரியும். நடுவில் என்னத்தையோ தாண்டிவிட்டாள். கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது. கேட்கவில்லை.

சந்திரசேகரனிடம் கொடுக்கலாம் என்று கீழே வரை போய்விட்டேன். குமுதா தாண்டிப் போகிற அளவுக்கு ஒன்று அதில் இருக்கிறதென்றால், அது காவல் கூண்டில் நின்று கேட்கிற விஷயம் இல்லை. எனக்கு இரண்டாவது வாய் என்று மீதி இருந்தது ஒன்றுதான்.

அன்று சிக்கந்தர் வீட்டில் பெருநாள் விருந்து. எந்த வருஷமும் முதல் ஆளாகப் போகிறவன், இந்த வருஷம் போகக்கூடாது என்றிருந்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். அவன் வீட்டுக்காரி சலேஹா வாசலில் நின்று, "அண்ணே, ரெண்டாங் கோழிக்கறியும் முடியப் போவுது, இப்பதான் வர்றீங்க" என்றாள். சிக்கந்தர் எழுந்து வரவில்லை. தட்டில் ரெண்டாங் கறியை அவனே எடுத்துப் போட்டான். நான் கடிதத்தை அவன் மடியில் வைத்தேன். "நான் வாசிச்சா நம்புவியா?" என்றான். "குமுதா வாசிச்சதோட ஒத்துப் பாத்துக்கிறேன்" என்றேன். "ஒன்னோட புத்தி மாறவே மாறாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடினான்.

பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதும் வாசித்தான். பந்தல், பனியன், சட்டி எல்லாம் வாசித்தான். முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தான். பிறகு, என் வாய் மேல் ஆணையாக நான் யாரிடமும் சொல்லவில்லை என்று இப்போதாவது தெரிந்ததா என்று கேட்டான். தெரிந்தது என்றேன். இதை அவனே எழுதுகிறான். எழுதும்போது தலையை ஆட்டிக்கொள்கிறான்.

இனி உனக்கு. ஒட்டுக் கேட்க வேண்டும் என்று நீ கேட்கவில்லை. நம்புகிறேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. அதையும் நம்புகிறேன். ஆனால் ஒன்று. பயனர் என்றால் என்ன என்று சிக்கந்தரைக் கேட்டேன். ஒரு சாமானை உபயோகிக்கிறவன் என்றான். எவனோ ஊர் தெரியாதவன் அக்கறையாக இந்தப் பெரியவர் யார் என்று கேட்டிருக்கிறான். குடும்ப தினத்தில் அத்தனை பேருக்கு முன்னால் அப்பா அப்பா என்று சொன்ன பிறகு, யாரும் பார்க்காத இடத்தில், ஒரு பயனர் என்று எழுதியிருக்கிறாய். பந்தலில் ஒரு தடவை. இது இரண்டாவது. எது உன் நிஜ வாய், குடும்ப தினத்தில் பேசியதா, இதுவா?

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் ஞாயிறு. அன்று வா. அந்தக் குச்சியைக் கொண்டு வா. தலையிலிருந்து வால் வரை நான் கேட்க வேண்டும், சிக்கந்தர் பக்கத்தில் இருப்பான். வெட்டி வைத்ததையும் கேட்க வேண்டும். அந்த வெளிநாட்டுக்காரனுக்கு நீ எழுதியதைத் திறந்து காட்ட வேண்டும்.

லோகாவைக் கூட்டி வராதே. அவள் இதில் இல்லை. அவளுக்கு என் ஆசீர்வாதம்.

சுப்பையா
(எழுதியவன் சிக்கந்தர். தம்பி, வரும்போது கணவாய் வாங்கிட்டு வா. இன்னும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கான்.)


ஜெலுத்தோங்கில் சொன்னது 13 ஏப்ரல் 2025
பத்து காவானில் எழுதியது 16 ஏப்ரல் 2025

புவனேஸ்வரனுக்கு அப்பா சொல்வது.

நீ காட்டிய பொத்தானை அமுக்கியிருக்கிறேன். விளக்கு எரிகிறது. இந்தத் தடவை எரிவது எனக்குத் தெரிந்து எரிகிறது. நீ கீழே காருக்குப் பக்கத்தில் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. ஏழாம் மாடியை அண்ணாந்து பார்க்கிறாய். பார்க்க வேண்டாம், எனக்குப் பேச்சு வராது.

நான் பேசி முடித்ததும் சிக்கந்தர் இந்தக் குச்சியைக் கீழே கொண்டு வந்து தருவான். நீ இதை வீட்டில் போட்டுக் கேட்டு, உன் கையால் எழுதி, எனக்குத் தபாலில் அனுப்பு. குமுதா வாசிப்பாள், சிக்கந்தர் வாசிப்பான். குமுதாவிடம் ஒரு வரியையும் தாண்டாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் பேசியது எனக்கு மறக்காது. நீ எழுதியதும் நான் பேசியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். பழைய பகுதி, புதிய பகுதி என்று எழுதினாயே, அந்த மாதிரி வைத்துக்கொள்.

இன்று காலையில் நடந்ததை முதலில் சொல்கிறேன். முழுப் பதிவையும் கேட்டோம். என் குரல் இவ்வளவு கரகரப்பாக இருக்குமென்று நான் நினைக்கவில்லை. சிக்கந்தரோடு பேசுகிற இடம் வந்தபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முடிந்ததும் என் கண் முன்னால் அழித்தாய். அழிந்ததா என்று சிக்கந்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துச் சொன்னான். சுந்தரியைக் கூப்பிடுகிற துண்டு இருக்கட்டும் என்றேன். அதில் என் வீட்டு விஷயம் ஒன்றும் இல்லை. அந்த வெளிநாட்டுக்காரனுக்கு எழுதியதைத் திருத்திவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னாய். குமுதாவைக் கூப்பிட்டு, அவளையும் சிக்கந்தரையும் தனித்தனியாக வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். "இவர் என் தந்தை சுப்பையா, ஜெலுத்தோங்கில் இருக்கிறார், தன் கிளியைக் கூப்பிடுகிறார்." இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

சுந்தரியும் சரியாகிவிட்டாள். கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்க்கும்போதே விளக்கு எரிகிறது, விரலுக்கு வந்ததும் அணைகிறது. ஒரே தடவை கூப்பிட்டால் போதும். நடுவில் வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். பறந்துகொண்டே இருந்தாள்.

இனி நான் சொல்வது அந்தப் பழைய பதிவில் இல்லை. சிக்கந்தருக்கும் தெரியாது. இப்போது அவன் சமையற்கட்டில் கணவாயைச் சூடு பண்ணிக்கொண்டு காது கொடுக்காத மாதிரி நிற்கிறான். இதை எழுது. நிறுத்தாமல் எழுது.

பந்தலில் நீ என்னை உதவிக்கு வந்த அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, உன் மேனேஜர் ரொஸ்னா என்னிடம் வந்தார்கள். அங்கிள், கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் கொண்டு போய்க் கொடுத்தேன். தட்டை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். சமையல் நன்றாக இருக்கிறது, எந்தக் கடை ஆட்கள் என்று கேட்டார்கள். சுங்கை பாக்காப் கடை என்று ஒரு பேரைச் சொன்னேன். நீ சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, அவர்கள் கிளம்புகிறவரை சமையல்காரர்களோடேயே நின்றேன். குடிபுகுந்த வீட்டுக்குள் நான் அன்று கால் வைக்கவில்லை. அடுப்படிச் சாமானோடு லாரியில் ஏறி வந்துவிட்டேன். நீ களைப்பில் தூங்கிவிட்டாய். அப்பா எங்கே என்று லோகாதான் போன் செய்தாள். பேருந்தில் வந்துவிட்டேன் என்று அவளிடமும் ஒரு பொய் சொன்னேன்.

குடும்ப தினத்தில் நீ என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியபோது, அந்த அம்மா முகத்தில் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நீ கவனிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தவன் இவன்தானே என்று பார்க்கிறார்கள். நான் அவர்களைப் பார்த்து, கேட்க வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. உன் காதில்தான் முதலில் போடுகிறேன், விளக்கு எரியும்போது.

இந்த இடத்தை நீ எழுதாமல் தாண்டினால் எனக்குத் தெரிந்துவிடும். அப்போது இந்த வீடும் லிஃப்டும் வழுக்குகிற குளியலறையும் எனக்குப் போதும். தாண்டாமல் வந்தால், கணினியை நானே துணியில் சுற்றி வைக்கிறேன். நீ காரை எடுத்துக்கொண்டு வா. உன் வீட்டுக்குள் வாசல் வழியாக வருகிறேன்.

எல்லாம் சொல்லிவிட்டேன். விளக்கு இன்னும் எரிகிறது. பொத்தான் எது என்று மறந்துவிட்டது. சிக்கந்தரைக் கூப்பிட வேண்டாம், வயரை நானே பிடுங்குகிறேன்.

சொன்னது, என் தந்தை சுப்பையா.
கேட்டு எழுதியது, மகன் புவனேஸ்வரன்.